பம்பளிமாஸா, கிரேப்ஃப்ரூட்டா? பெரிய சிட்ரஸ் பழங்களை அடையாளம் காண்பதும் அவற்றின் சத்துக் கணக்கும்

பம்பளிமாஸையும் கிரேப்ஃப்ரூட்டையும் நிறத்தை வைத்தோ அளவை வைத்தோ பிரிக்கப் பார்ப்பவர்கள் அடிக்கடி ஏமாறுகிறார்கள். இரண்டிலும் பச்சைத் தோல் உண்டு, மஞ்சள் தோலும் உண்டு. இரண்டிலும் வெளிறிய சுளை உண்டு, சிவந்த சுளையும் உண்டு. சின்ன பம்பளிமாஸ் பெரிய கிரேப்ஃப்ரூட் அளவில்தான் இருக்கும். போதாக்குறைக்கு இரண்டையும் கலந்து உருவாக்கிய ஸ்வீட்டி, மெலோகோல்டு போன்ற பழங்களும் அதே கூடையில் கிடக்கும். நம்ப வேண்டிய அடையாளங்கள் வேறு: தோலின் தடிமன், சுளையை மூடியிருக்கும் சவ்வு, சாறுமணிகள் பிரிகிற விதம், இலைக்காம்பு. இந்த நான்கையும் பார்க்கப் பழகினால் பெயர்ச்சீட்டு இல்லாமலே சொல்லிவிடலாம்.

பெயர் மாறினால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். நூறு கிராமுக்கு வைட்டமின் சி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசப்படுகிறது. வைட்டமின் ஏ அதைவிடப் பெரிய அளவில் மாறுகிறது. மருந்து சாப்பிடுகிறவர்களுக்கான எச்சரிக்கையோ பலர் நினைப்பதுபோல கிரேப்ஃப்ரூட்டோடு முடிந்துவிடுவதில்லை. அதைக் கீழே விரிவாகப் பார்ப்போம்.

உறவுமுறை

பம்பளிமாஸ் (சிட்ரஸ் மாக்சிமா) சிட்ரஸ் குடும்பத்தின் மூல இனங்களில் ஒன்று. தாயகம் தென்கிழக்கு ஆசியா. மாண்டரின் என்கிற கமலா ஆரஞ்சு வகை, கடாரநாரத்தை என்கிற சிட்ரான் ஆகியவையும் இப்படிப்பட்ட மூல இனங்கள்தான். நாம் சாப்பிடும் மற்ற சிட்ரஸ் பழங்களில் பெரும்பாலானவை இவை தமக்குள் கலந்து பிறந்தவை. இனிப்பு ஆரஞ்சு, பம்பளிமாஸும் மாண்டரினும் கலந்த வழியில் வந்தது. அந்த ஆரஞ்சு மறுபடி பம்பளிமாஸோடு கலந்தபோது கிரேப்ஃப்ரூட் பிறந்தது. அது நடந்த இடம் கரீபியத் தீவான பார்படாஸ். 1750-இல் கிரிஃபித் ஹியூஸ் என்பவர் அந்தத் தீவைப் பற்றி எழுதிய நூலில் இதை 'விலக்கப்பட்ட கனி' என்ற பெயரில் விவரித்திருக்கிறார்.

இந்த வரலாறு அடையாளம் காண நேரடியாக உதவுகிறது. கிரேப்ஃப்ரூட்டில் பம்பளிமாஸிலிருந்து விலகித் தெரிகிற குணங்கள் பெரும்பாலும் ஆரஞ்சின் பக்கம் சாய்ந்தவை: மெல்லிய தோல், மெல்லிய சவ்வு, ஒழுகுகிற சாறு. கையில் உள்ள பழம் ஆரஞ்சுப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

வெட்டாமல் பார்ப்பது

முதலில் அளவும் எடையும். கிரேப்ஃப்ரூட் பொதுவாக 10 முதல் 15 செ.மீ. விட்டம், எடை 200 முதல் 600 கிராம். பம்பளிமாஸ் 15 முதல் 25 செ.மீ.; ஒன்றிலிருந்து இரண்டு கிலோ சாதாரணம். முக்கால் கிலோவைத் தாண்டினால் அது கிரேப்ஃப்ரூட்டாக இருக்கும் வாய்ப்பு குறைவு. அதற்குக் கீழே இருந்தால் எடையை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது.

அடுத்து வடிவம். கிரேப்ஃப்ரூட் உருண்டையாக, மேலும் கீழும் லேசாகத் தட்டையாக இருக்கும். காம்புப் பக்கம் கழுத்துபோல நீண்டு பேரிக்காய் வடிவம் எடுத்திருந்தால் அது பெரும்பாலும் பம்பளிமாஸ்தான். வியட்நாமின் நாம் ரோய் வகை இதற்கு நல்ல உதாரணம். ஆனால் எல்லா பம்பளிமாஸுக்கும் கழுத்து இருக்காது. அதே வியட்நாமின் தா ஸான் உருண்டையானது. தோல் பச்சை, சுளை ரோஜா நிறம். கழுத்து இருந்தால் பம்பளிமாஸ் என்று கொள்ளலாம். இல்லாததை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

பிறகு அழுத்திப் பாருங்கள். இரண்டு கட்டைவிரல்களாலும் பழத்தின் நடுப்பகுதியை மெதுவாக அமுக்கினால், கிரேப்ஃப்ரூட்டில் தோலுக்கு அடியிலேயே சுளையின் உறுதி தெரியும். பம்பளிமாஸில் தோல் முதலில் கொஞ்சம் உள்வாங்கும். அடியில் ஒன்று இரண்டு செ.மீ. வெள்ளைச் சதை இருப்பதால் அழுத்தம் சுளை வரை போகாது. தட்டினாலும் பம்பளிமாஸ் அமுங்கிய ஓசைதான் தரும்.

தோலை நகத்தால் லேசாகக் கீறி முகர்ந்து பார்ப்பதும் பயன்படும். கிரேப்ஃப்ரூட்டின் அந்தக் கூர்மையான வாசனைக்கு நூட்கட்டோன் என்ற சேர்மமும், கந்தகம் கலந்த ஒரு சேர்மமும் காரணம். இரண்டாவது சேர்மம் மிக மிகச் சொற்ப அளவில் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். பம்பளிமாஸின் மணம் மென்மையானது, பூ மணத்தோடு வரும். கடாரநாரத்தையின் மணமோ அறையையே நிறைக்கும். அதைக் கீறக்கூடத் தேவையில்லை.

நிறத்தை ஏன் நம்பக்கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிட்ரஸ் தோலில் பச்சையம் மறைய இரவுக் குளிர் தேவை. வெப்பமான பகுதிகளில் விளைந்த பழம் உள்ளே நன்றாகப் பழுத்தும் வெளியே பச்சையாகவே நிற்கும். பறித்த பிறகு எத்திலீன் வாயு செலுத்தி மஞ்சளாக்குவதும் உண்டு. அது தோலின் நிறத்தை மட்டும்தான் மாற்றும். உள்ளே இனிப்பு ஏறாது.

வெட்டினால் சந்தேகம் தீரும்

பழத்தைக் குறுக்காக, அதாவது காம்பு ஒரு பாதியிலும் அடிப்பகுதி மறு பாதியிலும் வரும்படி வெட்டுங்கள். ஒரு அளவுகோலை எடுத்து வெள்ளைச் சதையையும் சேர்த்துத் தோலின் தடிமனை அளந்து பாருங்கள். ஒரு செ.மீ.க்குக் கீழே என்றால் பெரும்பாலும் கிரேப்ஃப்ரூட். ஒன்றரை செ.மீ.யைத் தாண்டினால் பம்பளிமாஸ். இடையில் நின்றால் கலப்பினமாக இருக்கலாம், தோல் மெல்லிய பம்பளிமாஸாகவும் இருக்கலாம். அப்போது சவ்வைப் பார்க்க வேண்டும். அளக்கும்போது பழத்தின் நடுப்பகுதியில் அளப்பது முக்கியம். காம்புக்கு அருகில் எல்லாப் பழங்களிலும் தோல் தடித்துத்தான் இருக்கும், அங்கே அளந்தால் கிரேப்ஃப்ரூட்கூட பம்பளிமாஸ் ஆகிவிடும்.

வெள்ளைச் சதையே பழத்தின் பெரும்பகுதியாக இருந்து, நடுவில் சின்னதாக, சாறு குறைந்த சுளைக்கூட்டம் மட்டும் தெரிந்தால் அது கடாரநாரத்தை. தோல் மேடுபள்ளமாக இருக்கும். அதன் வெள்ளைச் சதை பம்பளிமாஸ் போலக் கசக்காது. தின்னவும் செய்யலாம், சர்க்கரைப் பாகில் ஊறவைக்கவும் செய்யலாம். பெரிய அளவில் எலுமிச்சை வடிவத்தில் வந்து, உள்ளே புளிப்புச் சாறும் இருந்தால் பொண்டரோசா எலுமிச்சையாக இருக்கலாம்.

இனி சுளை. எனக்குத் தெரிந்த சோதனைகளில் இதுதான் நம்பகமானது. ஒரு சுளையைத் தனியாக எடுத்து, அதன் உள்முனையில், அதாவது பழத்தின் மையத்தைப் பார்த்த ஓரத்தில், சவ்வை நகத்தால் கிழித்து இரண்டு பக்கமும் உரித்துப் பாருங்கள். பம்பளிமாஸில் சவ்வு தடிப்பாக, தோல்போல முழுசாக உரிந்து வரும். உள்ளே சாறுமணிகள் பெரிதாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கும். விரலால் தள்ளினால் மணி மணியாக உதிரும், கை அதிகம் நனையாது. கிரேப்ஃப்ரூட்டில் சவ்வு மெல்லியது. உரிக்கப் போனால் சதையோடு ஒட்டிக்கொண்டு கிழியும், மணிகள் உடைந்து சாறு ஒழுகும். கையில் சாறு வழிந்தால் கிரேப்ஃப்ரூட், மணி உதிர்ந்தால் பம்பளிமாஸ் என்று இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சோதனை தவறுகிற ஒரே இடம் காய்ந்துபோன பழம். நாள்பட்ட கிரேப்ஃப்ரூட்டில் காம்புப் பக்கத்து மணிகள் சாறு வற்றி இறுகிப் போயிருக்கும். அங்கே கிழித்துப் பார்த்தால் பம்பளிமாஸ் போலத் தெரியும். அதனால் சுளையின் நடுப்பகுதியைத்தான் பார்க்க வேண்டும்.

சுளைகளை எண்ணிப் பார்ப்பவர்களும் உண்டு. கிரேப்ஃப்ரூட்டில் பெரும்பாலும் 11 முதல் 14, பம்பளிமாஸில் 11 முதல் 18. பதினாறு சுளை இருந்தால் பம்பளிமாஸ் பக்கம் சாயலாம். பன்னிரண்டு இருந்தால் அது எதையும் சொல்லாது.

சிவந்த சுளை இருந்தால் கிரேப்ஃப்ரூட் என்று முடிவு கட்டுவது பரவலான பிழை. முதலில் கிரேப்ஃப்ரூட் எல்லாமே வெள்ளைச் சுளைதான். சிவப்பு வகைகள் மரத்தில் தானாக நிகழ்ந்த மாற்றங்களிலிருந்து வந்தவை. டெக்சாஸில் 1929-இல் கண்டெடுக்கப்பட்ட ரூபி ரெட் அவற்றில் புகழ்பெற்றது. பின்னர் வந்த ஸ்டார் ரூபியும் ரியோ ரெட்டும் கதிர்வீச்சு மூலம் உருவானவை. பம்பளிமாஸிலோ சாண்ட்லர் போன்ற ரோஜா நிற வகைகள் ஏராளம். இரண்டிலும் சிவப்பைத் தருவது தக்காளியில் உள்ள அதே லைகோபீன். சுளையில் கருஞ்சிவப்புத் திட்டுகளும் கோடுகளும் இருந்தால் அது இரண்டுமல்ல, ரத்த ஆரஞ்சு. அதன் நிறம் ஆந்தோசயனின் என்ற வேறு நிறமியால் வருவது.

இலையும் விதையும்

மரத்தையோ கன்றையோ பார்க்க முடிந்தால் பழமே தேவையில்லை. சிட்ரஸ் இலைகள் பலவற்றில் காம்பின் இருபுறமும் இறக்கைபோல ஒரு சிறு இலைப்பகுதி இருக்கும். பம்பளிமாஸில் அது அகலமாக, இதய வடிவில் இருக்கும். பெரிய இலைக்குக் கீழே சிறிய இலை ஒட்டவைத்த மாதிரி தோன்றும். கிரேப்ஃப்ரூட்டில் இறக்கை உண்டு, ஆனால் குறுகியது. ஆரஞ்சில் இன்னும் குறுகியது. கடாரநாரத்தையில் இறக்கையே இல்லை. காம்பும் இலையும் சேருமிடத்தில் மற்றவற்றில் இருக்கிற கணுவும் அதில் இருக்காது. பம்பளிமாஸின் இளந்தளிரையும் இலையின் அடி நரம்பையும் விரலால் தடவினால் மெல்லிய ரோமம் தட்டுப்படும். கிரேப்ஃப்ரூட் தளிர் கிட்டத்தட்ட வழுவழுப்பு. காய்ப்பதிலும் வேறுபாடு உண்டு: பம்பளிமாஸ் பெரும்பாலும் தனித்தனியாகத் தொங்கும், கிரேப்ஃப்ரூட் கொத்தாகக் காய்க்கும். பூவைப் பார்க்க நேர்ந்தால், பம்பளிமாஸ் பூ தூய வெள்ளை, கடாரநாரத்தைப் பூவின் வெளிப்புறத்தில் ஊதாச் சாயல்.

விதை இருந்தால் இன்னொரு சோதனை. விதையின் வெளித்தோலையும் அடுத்துள்ள மெல்லிய பழுப்புத் தோலையும் உரித்து, உள்ளே உள்ள பருப்பை மெதுவாகப் பிரித்துப் பாருங்கள். பம்பளிமாஸ் விதையில் ஒரே ஒரு கரு. கிரேப்ஃப்ரூட் விதையில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட கருக்கள் கோணல்மாணலாக நெருக்கியிருக்கும். நட்டுவைத்தாலும் தெரியும்: ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று நாற்றுகள் எழும்பினால் பம்பளிமாஸ் அல்ல. இதிலிருந்து நடைமுறைக்கு உதவும் ஒரு விஷயமும் கிடைக்கிறது. கிரேப்ஃப்ரூட் விதையிலிருந்து வரும் கன்று பெரும்பாலும் தாய் மரத்தையே ஒத்திருக்கும். பம்பளிமாஸ் விதையை நட்டால் ஒவ்வொரு கன்றும் வேறு குணத்தோடு வளரும். சாப்பிட்ட பழத்தின் சுவை அப்படியே வராது. நல்ல வகை வேண்டுமென்றால் ஒட்டுக்கன்றோ பதியனோதான் வழி.

இடையில் நிற்பவை

ஓரோபிளாங்கோவும் மெலோகோல்டும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் பிறந்தவை. புளிப்பில்லாத ஒரு பம்பளிமாஸையும் வெள்ளை கிரேப்ஃப்ரூட்டையும் 1958-இல் கலந்து உருவாக்கினார்கள். ஓரோபிளாங்கோ 1980-இலும் மெலோகோல்டு 1986-இலும் வெளியிடப்பட்டன. இஸ்ரேலிலிருந்து 'ஸ்வீட்டி' என்ற பெயரில் வருவது ஓரோபிளாங்கோதான். இவற்றில் நிறமூர்த்தங்கள் (மரபுக் குணங்களைச் சுமக்கும் குரோமோசோம்கள்) மூன்று தொகுதிகளாக இருப்பதால் விதை உருவாவதில்லை. தோல் கிரேப்ஃப்ரூட்டைவிடத் தடிப்பு, பம்பளிமாஸைவிட மெல்லியது. சவ்வு கசக்கும், ஆனால் சதையில் கசப்பும் புளிப்பும் குறைவு. தோல் பச்சையாக இருந்தும் சுளை இனித்தால், விதையும் இல்லாவிட்டால், ஓரோபிளாங்கோவை நினைக்கலாம்.

மின்னியோலா டான்ஜெலோ, டங்கன் கிரேப்ஃப்ரூட்டும் டான்ஸி டான்ஜரினும் கலந்தது. காம்புப் பக்கம் குமிழ்போலத் துருத்திக்கொண்டிருக்கும், தோல் அடர் ஆரஞ்சு, அளவும் சிறியது, குழப்பத்துக்கு இடமில்லை. ஜமைக்காவின் உக்ளி பழம் தொளதொளத்த, சுருங்கிய, திட்டுத்திட்டான தோலால் தனித்துத் தெரியும்.

சத்துக் கணக்கு

சத்தை ஒப்பிடும்போது பெரும்பாலோர் செய்கிற தவறு, ஒரு பழத்தை இன்னொரு பழத்தோடு ஒப்பிடுவது. ஒரு பம்பளிமாஸ் மூன்று கிரேப்ஃப்ரூட்டுக்குச் சமமான எடையில் இருக்கலாம். உரித்த சுளையை எடை போட்டு நூறு கிராம் கணக்கில்தான் ஒப்பிட வேண்டும். தோல், சவ்வு, விதை போக பம்பளிமாஸில் சாப்பிடக் கிடைப்பது மொத்த எடையில் ஏறக்குறைய பாதி. கிரேப்ஃப்ரூட்டிலும் அப்படித்தான்.

அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுச் சத்துப் பட்டியல்படி, நூறு கிராம் சுளையில்:

பம்பளிமாஸ்: 38 கலோரி, மாவுச்சத்து 9.6 கிராம், நார்ச்சத்து 1 கிராம், வைட்டமின் சி 61 மி.கி., பொட்டாசியம் 216 மி.கி., கால்சியம் 4 மி.கி.

சிவப்பு அல்லது ரோஜா நிற கிரேப்ஃப்ரூட்: 42 கலோரி, மாவுச்சத்து 10.7 கிராம், நார்ச்சத்து 1.6 கிராம், வைட்டமின் சி 31 மி.கி., பொட்டாசியம் 135 மி.கி., கால்சியம் 22 மி.கி., வைட்டமின் ஏ 58 மைக்ரோகிராம்.

வெள்ளை கிரேப்ஃப்ரூட்: 33 கலோரி, மாவுச்சத்து 8.4 கிராம், நார்ச்சத்து 1.1 கிராம், வைட்டமின் சி 33 மி.கி., பொட்டாசியம் 148 மி.கி., கால்சியம் 12 மி.கி., வைட்டமின் ஏ 2 மைக்ரோகிராம்.

வைட்டமின் சி-யில் பம்பளிமாஸ் தெளிவாக முன்னிலை. வயது வந்தவர்களுக்கு அமெரிக்கப் பரிந்துரை பெண்களுக்கு நாளைக்கு 75 மி.கி., ஆண்களுக்கு 90 மி.கி. 150 கிராம் பம்பளிமாஸ் சுளை அந்த அளவை எட்டிவிடும். கிரேப்ஃப்ரூட்டில் அதே அளவு கிடைக்க 250 முதல் 300 கிராம் வரை வேண்டும். தாவர உணவில் உள்ள இரும்புச் சத்தை உடல் உறிஞ்ச வைட்டமின் சி கைகொடுக்கும், ஆனால் இரண்டும் ஒரே வேளையில் வயிற்றில் இருக்க வேண்டும். கீரையும் பருப்பும் சாப்பிடுகிற வேளையோடு சேர்த்துச் சாப்பிட்டால்தான் அந்தப் பலன். சூடாக்கினால் வைட்டமின் சி சிதையும் என்பதால் பழத்தைச் சமைக்காமல் சாப்பிடுவதே நல்லது.

வைட்டமின் ஏ-யில் சிவப்பு கிரேப்ஃப்ரூட் மட்டுமே கணக்கில் வரும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. சிவப்பைத் தருகிற லைகோபீன் உடலில் வைட்டமின் ஏ ஆக மாறாது. மாறுவது பீட்டா கரோட்டின். சிவப்பு கிரேப்ஃப்ரூட்டில் இரண்டும் இருக்கின்றன. அதனால் சுளை எவ்வளவு சிவப்பு என்பதை வைட்டமின் ஏ-யின் அளவுகோலாக எடுத்துக்கொள்ள முடியாது. சிவந்த பம்பளிமாஸை வாங்கிவிட்டு கிரேப்ஃப்ரூட்டின் வைட்டமின் ஏ கிடைத்துவிட்டதாகக் கணக்குப் போடவும் கூடாது. மேலும் 58 மைக்ரோகிராம் என்பது ஒருவரின் அன்றாடத் தேவையில் பன்னிரண்டில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். அதற்காக மட்டும் இந்தப் பழத்தைத் தேடிப்போக வேண்டியதில்லை.

நார்ச்சத்து எப்படிச் சாப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து மாறும். நார் பெரும்பாலும் சவ்வில் இருக்கிறது. பம்பளிமாஸில் சவ்வை உரித்து எறிந்துவிடுகிறோம். கிரேப்ஃப்ரூட்டைச் சவ்வோடு சாப்பிடுகிறவருக்கு அதிகம் கிடைக்கும், சாறாகப் பிழிந்து வடிகட்டிக் குடிப்பவருக்கு கிட்டத்தட்ட ஒன்றும் கிடைக்காது.

சர்க்கரை நோயுள்ளவர்கள் மாவுச்சத்தை 15 கிராம் பங்குகளாக எண்ணிச் சாப்பிடுவது வழக்கம். ஒரு பங்குக்கு பம்பளிமாஸ் சுமார் 155 கிராம், சிவப்பு கிரேப்ஃப்ரூட் 140 கிராம், வெள்ளை கிரேப்ஃப்ரூட் 175 கிராம். ஒரு கிலோ பம்பளிமாஸை ஒருவரே உட்கார்ந்து முடித்துவிட்டால் மூன்று பங்குக்கு மேல் போய்விடும். சாப்பிட இனிப்பாகத் தெரியாததால் இது பலர் கவனத்துக்கு வருவதில்லை.

சிறுநீரகக் கோளாறுக்காகப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் பம்பளிமாஸில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஒரு கிண்ணம், அதாவது 190 கிராம் சுளையில் 410 மி.கி. பொட்டாசியம் இருக்கிறது.

கிரேப்ஃப்ரூட் கொழுப்பைக் கரைக்கும் என்று பரப்பப்படும் பேச்சை நம்பாதீர்கள். கொழுப்பை எரிக்கும் நொதி எதுவும் அதில் கிடையாது. கலோரி குறைவு, நீர் நிறைய, வயிறு நிறைந்த உணர்வு வரும். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

மருந்து சாப்பிடுபவர்கள் படிக்க வேண்டிய பகுதி

கனடாவில் ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்தையும் மதுவையும் சேர்த்து ஆராய்ந்த டேவிட் பெய்லி குழுவினர், மதுவின் சுவையை மறைக்க கிரேப்ஃப்ரூட் சாற்றைப் பயன்படுத்தினார்கள். ரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக ஏறியது. மது அல்ல, சாறுதான் காரணம் என்பது அதைத் தொடர்ந்து தெரியவந்தது. 1989-இல் இந்த முடிவு வெளியானது.

நடப்பது இதுதான். நம் சிறுகுடல் சுவரில் சிஒய்பி3ஏ4 என்ற நொதி இருக்கிறது. வாய்வழி எடுக்கும் பல மருந்துகளின் ஒரு பகுதியை அது ரத்தத்துக்குப் போகுமுன்பே சிதைத்துவிடும். மருந்தின் அளவே அந்த இழப்பைக் கணக்கில் வைத்துத்தான் தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. பழத்தில் உள்ள ஃபியூரனோகூமரின் வகைச் சேர்மங்கள் அந்த நொதியை நிரந்தரமாக முடக்கிவிடுகின்றன. குடல் புதிதாக நொதியை உற்பத்தி செய்யும்வரை, வழக்கமான மாத்திரையே அதிக அளவு மாத்திரைபோல வேலை செய்யும். இந்த விளைவு ஒரு நாளுக்கு மேல், சில சமயம் மூன்று நாள் வரை நீடிக்கும். காலையில் பழம், இரவில் மாத்திரை என்று நேரம் பிரித்துச் சாப்பிட்டுத் தப்ப முடியாததற்குக் காரணம் இதுதான். ஒரு முழுப் பழமோ 200 மி.லி. சாறோ இதற்குப் போதும்.

பாதிக்கப்படும் மருந்துகளில் முக்கியமானவை: கொழுப்புக்கான சிம்வாஸ்டாட்டின், லோவாஸ்டாட்டின், ஓரளவுக்கு அட்டோர்வாஸ்டாட்டின், ரத்த அழுத்தத்துக்கான ஃபெலோடிபின், நிஃபெடிபின், உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பின் தருகிற சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ், இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன். பிரவாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் இந்த நொதியை நம்பியிருப்பதில்லை என்பதால் அவற்றில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. ஒவ்வாமைக்கான ஃபெக்சோஃபெனடினில் நேர் எதிராக நடக்கும்: சாறு அதன் உறிஞ்சலைத் தடுத்து மருந்தை வலுவிழக்கச் செய்யும்.

கிரேப்ஃப்ரூட்டுக்கு இந்தக் குணம் வந்ததே பம்பளிமாஸ் வழியாகத்தான். அதனால் 'எனக்கு கிரேப்ஃப்ரூட்தானே கூடாது, இது பம்பளிமாஸ்' என்று சாப்பிடுவது ஆபத்தான தவறு. கசப்பு ஆரஞ்சுக்கும் இதே தடை பொருந்தும். ஓரோபிளாங்கோ, டான்ஜெலோ போன்ற கலப்பினங்களிலும் பெற்றோரில் ஒன்று கிரேப்ஃப்ரூட். வகைக்கு வகை அளவு மாறுவதால் பாதுகாப்பானவை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இனிப்பு ஆரஞ்சும் மாண்டரினும் பொதுவாக இந்தச் சிக்கலைத் தருவதில்லை. வைட்டமின் சி வேண்டுமென்றால் அவற்றுக்கு மாறலாம். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ மாத்திரையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

தேர்ந்தெடுத்தல், உரித்தல், கசப்பு

சிட்ரஸ் பழங்கள் பறித்த பிறகு பழுக்காது. வாங்கும்போது உள்ள இனிப்புதான் கடைசிவரை. ஒரே அளவுள்ள இரண்டு பழங்களில் கனமானதை எடுங்கள். சாறு எடையில்தான் தெரியும். பெரிதாக இருந்தும் இலேசாக இருக்கிற பம்பளிமாஸ் தோல் மட்டும் பருத்ததாகவோ, முற்றிப்போய் உள்ளே மணிகள் வறண்டதாகவோ இருக்கும். அடிப்பகுதியைப் பாருங்கள்: அங்கே உள்ள எண்ணெய்ப் புள்ளிகள் விரிந்து, தட்டையாகிப் பளபளத்தால் முற்றிய பழம்; நெருங்கிக் கரடுமுரடாக இருந்தால் இளம் காய். பறித்த பம்பளிமாஸை அறை வெப்பத்தில் ஒன்றிரண்டு வாரம் வைத்தால் தோல் கொஞ்சம் வாடி உரிக்க எளிதாகும். தோல் வாடியதைப் பார்த்துப் பழத்தை ஒதுக்க வேண்டாம்.

பம்பளிமாஸ் உரிக்க, காம்புப் பக்கம் இரண்டு செ.மீ. தடிமனுக்கு மூடிபோல வெட்டி எடுங்கள். அதிலேயே தோலின் தடிமன் தெரிந்துவிடும். சுளை வெட்டுப்படாதபடி அந்த ஆழத்துக்குச் சற்றுக் குறைவாக, மேலிருந்து கீழாக ஆறு முதல் எட்டுக் கீறல்கள் போட்டுத் தோலைப் பட்டை பட்டையாக உரிக்கலாம். மிச்சமுள்ள வெள்ளைச் சதையைக் கையால் இழுத்து எடுங்கள். மேல் குழியில் இரண்டு கட்டைவிரல்களையும் நுழைத்துப் பழத்தை இரண்டாகப் பிளந்து, சுளை சுளையாகப் பிரித்து, உள் ஓரத்தில் சவ்வைக் கத்தரித்துப் பின்னோக்கி மடித்தால் சதை முழுசாக வெளியே வரும். கிரேப்ஃப்ரூட்டை இப்படி உரிக்க முயன்றால் சாறு முழுதும் மேசையில் போய்விடும். அதைக் குறுக்கே வெட்டிக் கரண்டியால் எடுக்கலாம். இல்லாவிட்டால் தோலையும் வெள்ளைச் சதையையும் கத்தியால் சீவிவிட்டு, ஒவ்வொரு சவ்வின் ஓரமாகவும் கத்தியை இறக்கிச் சதையை மட்டும் பெயர்த்தெடுக்கலாம்.

கசப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் தவிர்க்கலாம். உடனே தெரிகிற கசப்புக்கு நரிஞ்சின் காரணம். வெள்ளைச் சதையிலும் சவ்விலும் அது நிறைய. சுத்தமாக உரித்தால் பெரும்பகுதி போய்விடும். பிழிந்தபோது நன்றாக இருந்த சாறு கொஞ்ச நேரத்தில் கசக்கத் தொடங்கினால் அது லிமோனின்: கசப்பில்லாத முன்வடிவமாகத் திசுக்களில் இருந்த சேர்மம், புளிப்புச் சாற்றில் கலந்ததும் மெல்ல மாறிக் கசக்கிறது. மிக்ஸியில் சவ்வும் விதையும் சேர்த்து அரைத்தால் இது இன்னும் கூடும். கையால் பிழிந்து, உடனே வடிகட்டி, உடனே குடிப்பதே தீர்வு. சுளையின் மீது ஒரு சிட்டிகை உப்புத் தூவினால் நாக்கில் கசப்பு மட்டுப்படும்.

சாப்பிட்டதும் பல் துலக்க வேண்டாம். அமிலம் பட்ட எனாமல் கொஞ்ச நேரத்துக்கு மென்மையாக இருக்கும். தண்ணீரால் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரமாவது பொறுங்கள்.

முழுப் பழம் காற்றோட்டமான இடத்தில் ஒரு வாரம் தாங்கும். குளிர்பதனப் பெட்டியில் காய்கறி வைக்கும் தட்டில் இரண்டு மூன்று வாரம் இருக்கும். கிரேப்ஃப்ரூட்டை 10 டிகிரிக்குக் கீழே நெடுநாள் வைத்தால் தோலில் பழுப்புக் குழிகள் விழும். அது குளிரால் ஏற்படும் காயம், அழுகல் அல்ல. உள்ளே சுளை நன்றாக இருந்தால் சாப்பிடலாம். உரித்த சுளையை மூடிய டப்பாவில் வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். பம்பளிமாஸை மணி மணியாக உதிர்த்து, தட்டில் பரப்பி உறையவைத்துப் பிறகு பையில் போட்டால் ஒட்டிக்கொள்ளாமல் நெடுநாள் இருக்கும். கிரேப்ஃப்ரூட் சுளை உறைந்து உருகும்போது மணிகள் உடைந்து சாறாகிவிடும். அதை உறையவைப்பதென்றால் சாறாகவே வையுங்கள்.